சல்லடையில் தங்கியவை

முதலில் காட்டிக்கொடுத்தது டயர்தான்.

மூன்று மாத சர்வீசுக்காக வந்திருந்த ஜெனோவா, கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து மல்லாந்து படுத்து, வீல்சேருக்கு அடியில் தலையை நுழைத்திருந்தாள். பேட்டரி முனைகளில் உப்புப் பூத்திருக்கிறதா, மோட்டாரைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும் லீவர் இறுகிப்போயிருக்கிறதா, மேடு ஏறும்போது வண்டி பின்பக்கமாகக் கவிழாமல் தாங்கும் குட்டிச் சக்கரங்கள் ஒழுங்காக நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தவள், பெரிய சக்கரங்களிடம் வந்ததும் நின்றுவிட்டாள். இடது டயர் வழவழவென்று இருந்தது. வலது டயரில் வரிகள் அப்படியே இருந்தன.

இரண்டையும் அளந்தாள். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். எண்பத்தெட்டு நாள் ஓடிய வண்டிக்கு அது அதிகம்.

"தூத்துக்குடி ரோடு அப்படி மேடம்," என்றார் சங்கிலிபூதத்தான். சரக்குப் பெட்டகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். காலை ஷிப்ட் முடிந்து வந்த காக்கிச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"ரெண்டு டயரும் ஒரே ரோட்டுலதானே அண்ணாச்சி ஓடுது?"

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை முத்தரசியின் முகத்தில் ஏதோ ஓடியது. சிரிப்பா, வலியா என்று ஜெனோவாவால் சொல்ல முடியவில்லை. முத்தரசிக்கு முகமும் கைகளும் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். பிறக்கும்போதே மூளைக்கு மூச்சுக்காற்று போதாமல் போனதால் வந்தது. வயது முப்பத்துநான்கு. கண்ணசைவால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கணினியின் முன் உட்கார்ந்து, ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறாள். பேச்சு வரும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் முட்டி மோதித்தான் வெளியே வரும்.

அப்படிப்பட்ட கைக்காகத்தான் அந்த வண்டி செய்யப்பட்டிருந்தது. கம்பெனி அதற்கு நீளமான பெயர் ஒன்று வைத்திருந்தாலும் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் 'சல்லடை' என்றே சொன்னார்கள். ஜாய்ஸ்டிக்கில் விழும் ஒவ்வொரு அசைவையும் அது சலிக்கும். நடுக்கத்தை நிறுத்திக்கொண்டு, மனம் நினைத்த அசைவை மட்டும் சக்கரத்துக்கு அனுப்பும். முதல் பன்னிரண்டு நாள் அதற்குப் பாடம். கை அசையும்போதெல்லாம் கூட இருக்கும் ஒருவர், அந்த அசைவு வேண்டுமென்று செய்ததா, தானாக நடந்ததா என்று பார்த்து, 'மெய்' அல்லது 'பொய்' பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு சல்லடை தானே கற்றுக்கொள்ளும்.

இந்த வீட்டில் அதைப் பொருத்தியவள் ஜெனோவாதான். இடுப்பெலும்பின் மேல் பெல்ட்டை இழுத்துக் கட்டி, கால்தாங்கியை இரண்டு விரல் உயர்த்தி, வேகத்தை முதல் படியில் வைத்துக் கையை எடுத்த அந்தப் பகல் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதுவரை எந்த மோட்டார் வண்டியும் முத்தரசியைச் சுவரில் மோதாமல் விட்டதில்லை. அன்று கூடத்திலிருந்து அடுப்படி வரை தனியாகப் போனாள். சங்கிலிபூதத்தான் அழுதுவிட்டார்.

அதற்குப் பிறகு வண்டியிலிருந்து அலுவலகத்துக்கு வந்த கணக்கெல்லாம் அபாரம். மோதல் பூஜ்யம். சீரான ஓட்டம் தொண்ணூற்றெட்டு சதவீதம். சோதனைக்கு விட்டிருக்கும் நாற்பது வண்டிகளில் முதல் வரிசையில் நிற்கும் வண்டி இது. ஜெனோவா கையெழுத்துப் போட்டு அறிக்கை அனுப்பினால், அடுத்த வருடம் நாலாயிரம் வண்டிகளில் சல்லடை ஏறும்.

"வண்டி வலது பக்கமாவே திரும்பிக்கிட்டு இருந்தாத்தான் இடது டயர் இப்படித் தேயும்," என்றாள் ஜெனோவா. "வலது பக்கம் திரும்புறப்போ வெளிப்பக்கத்துச் சக்கரம்தானே நெறைய தூரம் ஓடணும்."

"அதுவா?" சங்கிலிபூதத்தான் சிரித்தார். "இவ இடது பக்கம் போகணும்னா, வலது பக்கமா முக்கால்வாசி சுத்தித்தான் போவா. கோயில்ல வலம் வார மாதிரி. தெருவுல எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கை. ரேஷன் கடை முன்னால தினமும் ஒரு சுத்து சுத்தித்தான் நம்ம தெருவுக்குள்ளயே வருவோம்."

"இதை ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? போக வேண்டிய எடத்துக்குப் போயிருதாள்லா?"

ஜெனோவா எழுந்து முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மோட்டார்கள் இரண்டையும் தனித்தனியாகச் சுழற்றிப் பார்த்தாள். குறையில்லை. ஜாய்ஸ்டிக்கை அவளே பிடித்து இடது பக்கம் தள்ளினாள். வண்டி அசையவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினாள். லேசாக ஒரு முனகல், அவ்வளவுதான். வலது பக்கம் தொட்டதும் பணிவாகத் திரும்பியது.

ஊழியர் என்ற நிலையில் அவள் பார்க்கவேண்டியது சலித்த பிறகு வரும் பதிவை மட்டும்தான். சலிப்பதற்கு முந்தைய பதிவும் வண்டியின் நினைவகத்தில் ஆறு மாதம் இருக்கும். யாரும் அதைத் திறப்பதில்லை. அனுமதி கேட்டு மதுரை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள்.

"அது குப்பைம்மா," என்றார் மேலாளர் கார்மேகம். "மாவு சலிச்சதுக்கு அப்புறம் கப்பியைப் போய் யாராவது ஆராய்ச்சி பண்ணுவாங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள அறிக்கை வேணும்."

"ஒரு தடவை பாத்துட்டு அனுப்பிடுறேன் சார்."

டேப்லெட்டை வண்டியோடு இணைத்தாள். இரண்டு கோடுகள் விரிந்தன. கறுப்புக் கோடு முத்தரசியின் கை. நீலக் கோடு வண்டி. கறுப்பு, மழைக்காலத்துக் கடல்போல் பொங்கிக்கொண்டிருந்தது. நீலம் அதன் நடுவே அமைதியாகப் போனது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தப் பொங்கலுக்குள் எதைத் தேடுவது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ம... ம..."

"மருந்தா?" என்று எழுந்தார் அண்ணன்.

முத்தரசி தலையை அசைத்தாள். "மணி..."

"மணி மூணே முக்கால் ஆகுதும்மா." ஜெனோவாவைப் பார்த்து, "வெளிய கெளம்புற நேரம் வருதுல்லா, அதான் கேக்கா," என்றார்.

"இல்ல." இந்தச் சொல் சட்டென்று வந்தது. அடுத்தது வரவில்லை. அண்ணன் மறுபடி வாயெடுத்தார். ஜெனோவா, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினாள். முத்தரசியின் கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது.

"மணி...யைப்... பாருங்க."

ஜெனோவாவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. சுவர்க் கடிகாரத்தைச் சொல்லவில்லை. பதிவில் இருக்கும் நேரத்தைச் சொல்கிறாள்.

நாட்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, நேரம் நேரத்தோடு பொருந்தும்படி அடுக்கினாள். காலைப் பொழுதுகளில் எந்த ஒழுங்கும் இல்லை. நண்பகலிலும் இல்லை. சாயங்காலத்துக்கு நகர்த்தியபோது அவள் விரல் நின்றது. மாலை நாலு நாற்பதுக்குக் கறுப்புக் கோடு இடது பக்கமாக மூன்று தடவை எழும்பியிருந்தது. மறுநாளும் அதே நேரம், அதே மூன்று. அதற்கு மறுநாளும். கீழே, கீழே இழுத்துக்கொண்டே போனாள். அறுபத்தொரு நாட்கள். ஒவ்வொரு தடவையும் நீலக் கோடு அசையாமல் கிடந்தது.

"அண்ணாச்சி, நாலு நாப்பதுக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"தெருமுனையில. அங்ஙன வந்ததும் இவ ஒரு நிமிஷம் நிப்பா. செல்லுல மணி பாப்பா. அப்புறம் வலது பக்கம் திரும்பி பார்க்குக்குப் போவோம்."

"இடது பக்கம் என்ன இருக்கு?"

"ஹார்பர் ரோடு. நாளைக்கு முந்நூறு டிரெய்லர் போற ரோடு."

ஆக, இவள் ஹார்பர் பக்கம் போக ஆசைப்படுகிறாள் என்று ஜெனோவா முடிவுகட்டப் பார்த்தாள். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. நடுவில் நான்கு நாள் விடாத மழை. வண்டி வீட்டை விட்டே போகவில்லை என்று இடப்பதிவு சொன்னது. அந்த நாட்களிலும் நாலு நாற்பதுக்கு மூன்று தடவை இடது. கூடத்தில், இதே இடத்தில். எழுந்துபோய் வண்டி நின்ற திசையில் நின்று பார்த்தாள். இடது கைப்பக்கம் பீரோ இருந்தது.

பீரோவுக்குள் போக யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

கட்டிலின் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க எங்கயும் போறதுக்காகத் தள்ளல. அப்படித்தானே?"

முத்தரசியின் கண்கள் ஆமாம் என்றன. பிறகு, ஜெனோவா அவசரப்படுத்தாமல் காத்திருக்க, ஒவ்வொன்றாக வந்தது.

"நடுக்கம்... கடிகாரம்... பாக்காது."

சங்கிலிபூதத்தான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்லுதா?"

"தினமும் ஒரே நிமிஷத்துல, சரியா மூணு தடவை வந்தா அது நடுக்கம் இல்லன்னு யாராவது கண்டுபிடிப்பாங்கன்னு செஞ்சிருக்காங்க அண்ணாச்சி. இந்தப் பதிவை யாரோ ஒருத்தர் ஒருநாள் திறப்பாங்கன்னு." ஜெனோவா முத்தரசி பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க கணினில எழுதுறவங்கதானே அக்கா. ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே?"

முத்தரசி கணினியைப் பார்த்தாள். அண்ணன் மேசையை அவள் முகத்துக்கு நேராகத் தள்ளிவைத்தார். அவளுடைய கண்கள் திரையில் இங்கும் அங்கும் தாவி ஒரு பழைய கடிதத்தைத் திறந்தன. எழுபது நாளுக்கு முன் அனுப்பிய புகார். 'வண்டி இடது பக்கம் திரும்ப மறுக்கிறது. என் கை சொல்வதை அது நடுக்கம் என்று நினைக்கிறது. மறுபடி பாடம் சொல்லித்தர வேண்டும்.' மூன்றே வாக்கியம், ஒரு பிழை இல்லை. பதிலும் கீழேயே இருந்தது. 'உங்கள் வண்டியின் பதிவைப் பரிசோதித்தோம். குறையேதும் இல்லை.' ஐந்து நாள் கழித்து அவள் மறுபடி எழுதியிருந்தாள். மறுபடி அதே பதில். அந்த இரண்டாம் பதிலின் அடியில் இருந்த பெயர் ஜெனோவாவுடையது.

ஒரு நாளைக்கு முப்பது புகார்களை மூடுகிறவள் அவள். சலித்த பதிவைத் திறப்பாள், நீலக் கோடு நேராக இருக்கும், பொத்தானை அழுத்துவாள். இந்தப் புகாரைப் படித்த நினைவே அவளுக்கு இல்லை.

"என் பேச்சை... நம்பல," என்றாள் முத்தரசி. "வண்டி... எழுதினா... நம்புவீங்க."

ஜெனோவாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கேட்டாள். முத்தரசி அதை ஒரு தலையசைப்பில் தள்ளிவிட்டாள். அவளுக்கு வேண்டியது அது இல்லை. கண்கள் மறுபடி டேப்லெட்டுக்குத்தான் போயின. எப்படி இது நடந்தது என்று அவளும் தெரிந்துகொள்ள விரும்பினாள்.

பாடம் நடந்த பன்னிரண்டு நாட்களைத் திறந்தார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் பக்கத்தில் மெய், பொய் என்று குறி இருந்தது. வீட்டுக்குள் இடது பக்கம் திரும்பியவை எல்லாம் மெய். ஒன்பதாம் நாள் தெருமுனையில், தெளிவாக, நடுங்காமல் இடது பக்கம் தள்ளிய ஓர் அசைவுக்குப் பொய் என்று விழுந்திருந்தது. பத்தாம் நாள் ஒன்று. பதினொன்றாம் நாள் ஒன்று.

"மூணே மூணு," என்றாள் ஜெனோவா. "கை இவ்வளவு உறுதியா தள்ளினதையே பொய்னு சொன்னதும் சல்லடை குழம்பியிருக்கு. அப்போ இடது பக்கம் தள்ளுற எதுவுமே நம்பக்கூடாதுன்னு எடுத்துக்கிட்டிருக்கு."

சங்கிலிபூதத்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே கை இடது பக்கம் இழுக்கும் மேடம்," என்றார். பிறகு திரும்பி அவரே, "அது வேற. இது வேற. எனக்குத் தெரியும்," என்றார். "தெருமுனையில அவ ஹார்பர் ரோட்டத்தான் பாத்தா. அங்க போகணும்னுதான் தள்ளினா. நான் டிரெய்லருக்கு நடுவுல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுதவன். அந்த டிரைவருக்குத் தன் சக்கரத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியாது. வேண்டாம்னு இவகிட்டச் சொன்னா சண்டை பிடிப்பா. பொத்தான்கிட்டச் சொன்னா சண்டை இல்ல. அமுக்கிட்டேன்."

"என்கிட்ட... சொல்லிருக்கலாம்," என்றாள் முத்தரசி.

"சொன்னா கேப்பியாட்டி நீ?"

"மாட்டேன்."

அவர் சிரிக்க முயன்று முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரேஷன் கடை முன்னால நடுரோட்டுல நீ சுத்துறப்போ போன மாசம் ஒரு பைக்குக்காரன் வந்து உரசுனானே. அதுவும் என்னாலதானா?"

கேட்டுவிட்டு அவரே போய் வண்டியின் இடது டயரைத் தடவிப் பார்த்தார்.

அறிக்கைக்குக் கார்மேகத்திடம் ஒரு மாதம் தவணை வாங்கிக்கொண்டு, அந்த வாரமே பழைய பாடத்தை ஜெனோவா அழித்தாள். இந்தத் தடவை மெய், பொய் பொத்தான்களை முத்தரசியே அழுத்த வேண்டும் என்று சொன்னாள். கையால் முடியாது. கண்ணால் அழுத்தினால் வழியைப் பார்க்க முடியாது. உடம்பில் எந்த இடம் கொஞ்சமாவது சொன்னபடி கேட்கும் என்று ஒரு முழுப் பிற்பகல் தேடினார்கள். முழங்கால், தாடை, தோள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்ததில், கடைசியில் வலது காலின் பெருவிரல் தேறியது. கால்தாங்கியில் இரண்டு சின்னப் பொத்தான்களைப் பதித்தாள். மெய் மேலே, பொய் கீழே.

பன்னிரண்டு நாளில் முடிகிற பாடம் இருபத்தாறு நாள் ஆனது. ஒவ்வோர் அசைவுக்கும் நின்று, யோசித்து, விரலை நகர்த்த வேண்டியிருந்தது. முத்தரசி சில அசைவுகளுக்கு எதையும் அழுத்தவில்லை. ஏன் என்று ஜெனோவா கேட்டபோது, "தெரியல," என்றாள். நினைத்துத் தள்ளினாளா, கை தானாகப் போனதா என்று அவளுக்கே தெரியாத இடங்கள் இருந்தன. அப்படி ஒரு பதிலுக்குச் சல்லடையில் இடமே இல்லை என்பதை ஜெனோவா அப்போதுதான் கவனித்தாள்.

ஹார்பர் ரோட்டுக்கும் போனார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரெய்லர்கள் குறைவாக இருந்த நேரத்தில். வேகம் முதல் படியில். அவசரத்துக்கு நிறுத்தும் ரிமோட் ஜெனோவா கையில். சங்கிலிபூதத்தான் ரோட்டுப் பக்கமாக, வண்டிக்கும் லாரிகளுக்கும் நடுவே நடந்தார். நடைபாதை இறக்கத்தில் வண்டியைக் கோணலாக விடாமல் நேராக இறக்கச் சொன்னாள் ஜெனோவா. முத்தரசி ஏற்கெனவே அப்படித்தான் இறக்கிக்கொண்டிருந்தாள். நானூறு மீட்டருக்கு ஐம்பது நிமிடம். அங்கே கிடங்குகளின் நீளமான மதில்சுவரும் தார்ப்பாயின் வாசனையும் தவிர வேறொன்றும் இல்லை. முத்தரசி மதிலை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். மூவரும் சிரித்துவிட்டார்கள்.

புதிய கணக்கு வந்தது. மோதல் நான்கு. சீரான ஓட்டம் எழுபத்தொரு சதவீதம். கார்மேகம் ஃபோனில் கத்தினார். "முதல் வரிசையில நின்ன வண்டிய இப்படி ஆக்கிட்டியேம்மா!"

"அவங்களே ஓட்டுறாங்க சார். அதான் இடிக்குது," என்றாள் ஜெனோவா. அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். மற்ற முப்பத்தொன்பது வண்டிகளின் சலிக்காத பதிவையும் பார்த்த பிறகுதான் போடுவேன் என்றாள். அவர், ஏற்கெனவே ஒரு மாசம் போச்சு என்று முனகிவிட்டு, "பத்து நாள் தரேன்," என்றார்.

அலுவலகம் அந்த வண்டிகளிலிருந்து நெட் வழியாக இறக்கிக்கொடுத்த பதிவுகளிலிருந்து பெயர், முகவரியை எல்லாம் நீக்கி, எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அவள் முத்தரசியிடமே வந்தாள். இதைப் படிக்கத் தெரிந்த வேறு ஆள் அவளுக்குத் தெரிந்து இல்லை. பிழை திருத்துகிறவளின் பொறுமையோடு முத்தரசி ஒவ்வொரு கறுப்புக் கோட்டையும் பார்த்தாள். ஜெனோவாவுக்குச் சந்தேகமாகத் தெரிந்த பலவற்றை, "நடுக்கம்தான்," என்று ஒரே சொல்லில் தள்ளினாள். ஜெனோவா தாண்டிப்போக இருந்த சிலவற்றில் நிற்கச் சொன்னாள். மூன்று நாளில் ஏழு வண்டிகளைக் குறித்துவைத்தார்கள்.

நான்காம் நாள் காலை இருபத்தேழாம் எண் திறந்தது. நூற்றுக்கு நூறு. கறுப்பும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகப் போயின. அறிக்கையின் அட்டையில் போட கார்மேகம் வைத்திருந்த படம் இது.

"இதுல ஒண்ணும் இல்லக்கா. ரொம்ப நல்ல வண்டி," என்று ஜெனோவா அடுத்ததைத் திறக்கப் போனாள்.

"முதல்... மாசம்."

பின்னால் இழுத்தாள். முதல் வாரத்தில் கறுப்புக் கோடு நாளுக்கு முந்நூறு தடவை எழும்பியிருந்தது. முன்னால், பின்னால், இரண்டு பக்கமும். நீலம் இருபது தடவை அசைந்திருந்தது. அடுத்த வாரம் கறுப்பு இருநூறு. அதற்கடுத்து எண்பது. பிறகு முப்பது. நாற்பதாவது நாளிலிருந்து, வண்டி எந்த அசைவை ஏற்றுக்கொள்ளுமோ அதை மட்டுமே அந்தக் கை செய்தது. நாளுக்கு இருபது தடவை. மற்ற நேரம் கை ஜாய்ஸ்டிக்கைத் தொடவே இல்லை.

முத்தரசி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவங்க... தள்ளுறத... விட்டுட்டாங்க," என்றாள்.

ஜெனோவா முகவரிகளைத் தனியாக வைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுத்து இருபத்தேழுக்கு நேராக விரலை ஓட்டினாள். கோவில்பட்டி. மாதாங்கோவில் தெரு. எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு வரிசையாகப் போகலாம் என்றுதான் திட்டம் வைத்திருந்தாள்.

"முதல்ல இவங்களத்தான் பாக்கணும்," என்றாள். "நாளைக்கே போயிடுறேன்."

"இன்னைக்கு," என்றாள் முத்தரசி.